ஏற்காட்டு கேலரியில வெறும் குரல் நிகழ்ச்சி: போனவங்க இருக்கீங்களா? எங்க நின்னு கேட்டீங்க?

அம்மாபேட்டைக்காரி

மைக் இல்ல, வாத்தியம் இல்ல, பாட்டு வரியும் இல்ல, வெறும் குரல மட்டும் வெச்சு ஒரு கேலரிக்குள்ள நிகழ்ச்சி பண்ணா அத எப்படிக் கேக்கணும்னு நம்மூர்ல யாராவது பேசிருக்கோமா? போன சனிக்கிழமை ஏற்காட்டுல நடந்ததுக்குப் போயிட்டு வந்ததுலருந்து மனசு அங்கயே நிக்குது, அதான் இந்த இழை.

இடம் தெரியாதவங்களுக்கு சொல்றேன், எஸ்டேட்டுக்குள்ள இருக்குற பழைய காப்பிக் குடோன வெள்ளையடிச்சு, தரைய சிமென்ட்டு போட்டு வழவழன்னு தேச்சு கேலரியா மாத்திருக்காங்க. அன்னைக்கு செவுத்துல ஒரு படம் கூட இல்ல. ஸ்டேஜ் இல்ல, சேரும் இல்ல. ஒரே ஒரு அம்மா, நாப்பது வயசு இருக்கும், வெறுங்கால், முக்கால் மணி நேரம்.

முதல்ல வாசல் ஓரத்துல இருக்குற சின்ன ரூம்ல (முன்னாடி கணக்குப்புள்ள உக்காந்த ரூமாம்) வாய மூடிக்கிட்டு ம்ம்ம்னு ஆரம்பிச்சாங்க. ரொம்ப மெதுவா சுருதிய மேல ஏத்திக்கிட்டே போறாங்க, ஒரு இடம் வந்ததும் ரூமே சேந்து பாட ஆரம்பிச்சிருச்சுங்க, நான் கதவுல கை வெச்சிருந்தேன், கதவு அதிருது, ஆனா அவங்க சத்தத்த கூட்டவே இல்ல. இன்னும் கொஞ்சம் மேல போனதும் அது அணைஞ்சு போச்சு. கீழ இறங்குனதும் அதே இடத்துல திரும்ப வந்துச்சு. பானை வாயில காத வெச்சா ஒரு ஊங்காரம் கேக்குமே, அந்தப் பானைக்குள்ளயே நாம நின்னா எப்படி இருக்கும், அப்படி.

அப்புறம் பெரிய ஹாலுக்கு வந்து செவுத்துப் பக்கம் மூஞ்சிய திருப்பி, செவுத்துக்கும் வாய்க்கும் நாலு விரக்கடை இடம் விட்டு நின்னு பாடுனாங்க. மூச்ச வெளிய விடும்போது ஒரு குரல், உள்ள இழுக்கும்போது கீச்சுன்னு இன்னொரு குரல், நடுவுல நிறுத்தமே இல்ல. அதுக்கப்புறம் நாக்க மட்டும் சொடுக்கி சொடுக்கி ஹால சுத்திச் சுத்தி வந்தாங்க, ஒவ்வொரு மூலையிலயும் அந்தச் சொடுக்கு வேற வேற சத்தமா திரும்பி வருது.

கூட்டம் பூரா வாசல் பக்கமே ஒண்டிக்கிட்டு நின்னுச்சு. பாதிப் பேர் பாதியிலயே கெளம்பிட்டாங்க, இருட்டிப்போச்சு, இருவது கொண்டை ஊசி இறங்கணும், ரோட்டுல காட்டுமாடு நிக்கும்னு சொல்லிக்கிட்டு. நான் எதிர் மூலைக்குப் போய் நின்னேன், அப்புறம் நடுவுல, அப்புறம் அவங்க முதுகுக்குப் பின்னாடி. நாலு எடத்துலயும் நாலு விதமா கேட்டுச்சு. நகந்து கேட்டவங்களுக்குத்தான் அது முழுசா கெடச்சிருக்கும்னு நான் உறுதியா சொல்வேன். நடக்கலாம், பக்கத்துல போலாம், கீழ உக்காரலாம்னு வாசல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அத்தன பேரு போயிருக்க மாட்டாங்க.

போனவங்க சொல்லுங்க. போகாதவங்களும் சொல்லுங்க, அடுத்தது கீழ சேலத்துலயே நடக்கணும்னு எனக்கு ஆச.

ஜங்ஷன்வாசி

போகல. ஆனா படிக்கும்போதே அந்த சின்ன ரூம் சமாச்சாரம் புல்லரிக்குது. அந்த ஒரு சுருதியில மட்டும் ரூம் ஏன் பாடுச்சு?

செவ்வாப்பேட்டை_பட்டறை

பாதியில கெளம்புனதுல நானும் ஒருத்தன், குடும்பத்தோட வந்தேன், காரணத்த நேராவே சொல்லிடறேன்.

காட்டுமாடு காரணம் இல்ல. எனக்கு அதுல பிடிமானம் கெடைக்கல. நான் வெள்ளிப் பட்டறை வெச்சிருக்கேன், கொலுசு வேல. நாள் முழுக்க காதுல சத்தம்தான், திரும்பிப் பாக்காமலே எந்தப் பையன் அடிக்கிற தட்டு சரியா விழுது, எவன் கை அசந்துபோய் அடிக்கிறான்னு சத்தத்துலயே சொல்லிடுவேன். அதனால பாட்டு வரி இல்லங்கறது எனக்கு ஒரு குறையே இல்ல. என் கேள்வி வேற. அந்த அம்மா பண்ணதுல எது நல்லாருந்துச்சு, எது சுமாரு, எங்க தப்புச்சுன்னு எத வெச்சு சொல்றது? ஒரு வேலைன்னு இருந்தா சரி தப்பு இருக்கணும்ல? அத யாராவது சொல்லிக் கொடுத்தா அடுத்த தடவ முழுசா நின்னு கேக்குறேன். சும்மா "உணரணும்"னு மட்டும் சொல்லாதீங்க.

கரித்துண்டு

அண்ணா செம கேள்வி. நான் ஓவியக் கல்லூரியில படிக்கிறேன், எங்க வாத்தியாருங்களும் இதுக்கு நேரா பதில் சொல்றதில்ல, நான் படிச்சத வெச்சு சொல்லப் பாக்குறேன்.

அர்த்தமில்லாத சத்தத்த மேடையில சொல்றது புதுசு ஒண்ணும் இல்ல. 1916ல, முதல் உலகப்போர் நடக்கும்போது சூரிச்ல ஹியூகோ பால்னு ஒருத்தர் அட்டையில செஞ்ச உடுப்ப மாட்டிக்கிட்டு எந்த மொழியிலயும் இல்லாத சொல்லா ஒரு கவிதைய சொன்னாரு. அது அந்த நேரத்துக் கோவம். ஆனா அதுக்கப்புறம் கர்ட் ஷ்விட்டர்ஸ்னு ஜெர்மன் ஓவியர், பழைய டிக்கெட்டு, காயிதத் துண்டெல்லாம் ஒட்டி படம் பண்ணவரு, அவரு 1922லருந்து 1932 வரைக்கும் ஒரே ஒரு சத்தக் கவிதைய திருத்தித் திருத்தி எழுதுனாரு. பத்து வருஷம்ணா. அதுக்கு நாலு பகுதி இருக்கு, மேல்நாட்டு சொனாட்டா கட்டமைப்பு, ஒரு சத்தக் கோர்வை மொதல்ல வரும், மாறும், திரும்ப வரும். அதனால இன்னைக்கு யாராவது அத சொல்லும்போது எங்க விட்டாங்க, எங்க அவசரப்பட்டாங்கன்னு கண்டுபிடிச்சுடலாம். நீங்க கேட்ட சரி தப்பு அங்க இருக்கு.

அதே மாதிரி 1965ல இத்தாலி இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ ஒரு பெண் குரலுக்காக எழுதுனாரு, கேத்தி பெர்பேரியன்கிற பாடகிக்காக. சிரிப்பு, இருமல், முணுமுணுப்பு எல்லாத்தையும் நோட்டேஷன்லயே எழுதி, பத்து பத்து செகண்டா கோடு போட்டு, எந்த இடத்துல எந்த மனநிலைன்னும் குறிச்சு வெச்சிருக்காரு, ஒரு மனநிலையிலருந்து அடுத்ததுக்கு கண் இமைக்கிற நேரத்துல தாவணும். தாவ முடிஞ்சுதா முடியலையாங்கறது கேக்குறவங்களுக்கே தெரிஞ்சிரும்.

ஏற்காட்டுல பண்ணது முன்னாடியே எழுதி வெச்சதா, அங்கயே கட்டுனதான்னு தெரியாம நாம மதிப்பிட முடியாது. அத கேலரி சொல்லியிருக்கணும்.

சுருதிப்பெட்டி

நான் வீட்ல பிள்ளைங்களுக்கு பாட்டு சொல்லித் தரேன், கர்நாடக சங்கீதம். நிகழ்ச்சிக்கு வந்திருந்தேன், கடைசி வரைக்கும் இருந்தேன்.

பட்டறைக்காரர் கேட்டதுக்கு என் பங்கு. எங்க பாடத்துல வார்த்த இல்லாத பாட்டு நிறைய இருக்கு, ஆலாபனையில சாகித்யம், அதாவது பாட்டு வரி, எங்க? தானத்துல "அனந்தம் நம்தம்" தாண்டி என்ன வருது? வாயாலயே தாளச்சொல் சொல்ற கொன்னக்கோல்ல தகதிமி தானே? பிள்ளைங்க பாடும்போது நான் முதல்ல பாக்குறது மூச்சுதான். மூச்சு எங்க எடுக்குறா, எடுத்தது காதுல விழுதா, எடுத்த மூச்ச கடைசி வரைக்கும் ஒரே அளவா செலவு பண்றாளா. அன்னைக்கு அந்த அம்மாகிட்ட நான் கவனிச்சதும் அதத்தான். வெளிய விடுற குரலும் உள்ள இழுக்குற குரலும் மாறி மாறி வந்துச்சுல்ல, ரெண்டும் சேர்ற இடத்துல சுருதி ஒரு நூல் கூட அசையல. முயற்சி பண்ணிப் பாருங்க, மூச்ச உள்ள இழுத்துக்கிட்டே ஒரு ஸ்வரத்த நேரா பிடிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு தெரியும். அமெரிக்காவுல ஜோன் லா பார்பரான்னு ஒருத்தங்க 1970கள்லயே இத பயிற்சியாவே பண்ணி, ஏறும்போது இறங்கும்போது எல்லாம் மூச்ச மாத்தி மாத்தி நிக்காம பாடுற ஒரு துண்டு வெச்சிருக்காங்க.

சுமார்னு எனக்குப் பட்டதையும் சொல்லிடறேன். நாக்குச் சொடுக்கு பகுதி ரொம்ப நீண்டுடுச்சு. மூலைக்கு மூலை சத்தம் மாறுதுன்னு ரெண்டு சுத்துல புரிஞ்சிடுச்சு, அதுக்கு மேல போனப்ப புதுசா எதுவும் வரல. கடைசியில தொண்டையக் கரகரன்னு கீழ இறக்குனாங்கல்ல, அங்க கொஞ்சம் நடுங்குச்சு, பிடிச்சு நிறுத்த முடியல, அதனாலதான் சீக்கிரம் விட்டுட்டாங்கன்னு நெனைக்கிறேன்.

இன்னொரு தகவல், பல்லுல வெச்சு விரலால மீட்டுற நம்ம மோர்சிங் குடும்பத்து வாத்தியம் இந்த உலகத்துல முன்னாடியே நுழைஞ்சிருச்சு. 1969ல மெரடித் மங்க்னு ஒரு பாடகி நியூயார்க் குகன்ஹைம் மியூசியத்துல, அந்த சுருள் சுருளா ஏறுற கட்டடத்துல, 85 பேர நிறுத்தி குரலும் மோர்சிங்கும் சேத்து ஒரு நிகழ்ச்சி பண்ணாங்க. கேக்க வந்தவங்களச் சுத்தி மேலயும் கீழயும் சத்தம். கட்டடமும் கச்சேரியில ஒரு ஆளு, அது இல்லாம அந்த நிகழ்ச்சி இல்ல.

செவ்வாப்பேட்டை_பட்டறை

டீச்சரம்மா, நன்றி. நடுங்குச்சு, நீண்டுடுச்சுன்னு சொன்னீங்க பாருங்க, இதுதான் நான் கேட்டது. இத மொதல்லயே யாராவது காதுல போட்டிருந்தா நான் மூச்ச கவனிச்சுக்கிட்டு நின்னிருப்பேன்.

ஒலிக்கணக்கு

ஜங்ஷன்வாசி கேட்ட ரூம் கேள்விக்கு வரேன், ஆடிட்டோரியம் சவுண்ட் வேலதான் எனக்குத் தொழில்.

எதிரும் புதிருமா ரெண்டு செவுரு இருந்தா அதுக்கு நடுவுல சில சுருதி மட்டும் தானா ஊதிப் பெருசாகும். சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகும். ரூம் அகலம் 2 மீட்டர்னு வெச்சுக்குங்க, 343ஐ அகலத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா 86 வரும், அதோட ரெட்டிப்பு 171, அப்புறம் 257. செகண்டுக்கு இத்தன அதிர்வுனு அர்த்தம். பெண்குரல் கீழ்ஸ்தாயியில 171 சுலபமா வரும். பொடி ரூம்ல இந்தப் புள்ளிங்க தள்ளித் தள்ளி இருக்குறதால ஒண்ண தொட்டதும் பளிச்சுன்னு தெரியும், அதனாலதான் பாத்ரூம்ல பாடுனா எல்லாருக்கும் நல்லா வருது. பெரிய ஹால்ல புள்ளிங்க நெருக்கமா கெடக்கும், தனியா எதுவும் தூக்கிக் காட்டாது. அந்தம்மா சின்ன ரூம்ல ஆரம்பிச்சது தெரிஞ்சு பண்ணதுதான், கண்டிப்பா முன்னாடியே வந்து தேடிப்பாத்திருப்பாங்க.

இதையே முழுசா ஒரு கலைப்படைப்பா பண்ணவரு ஆல்வின் லூசியர்ங்கிற அமெரிக்க இசையமைப்பாளர், 1969ல. ஒரு ரூம்ல உக்காந்து சில வரி பேசி டேப்புல பதிவு பண்ணாரு, அத அதே ரூம்ல போட்டு மறுபடி பதிவு பண்ணாரு, அத மறுபடி. போகப் போக பேச்சு கரைஞ்சு ரூமோட சுருதி மட்டும் மிஞ்சுது. அவருக்கு திக்குவாய், அந்தத் திக்கலும் அதுல கரைஞ்சிடுது.

இப்ப பெரிய ஹாலுக்கு வரேன். எனக்கு அங்க ஒரு கொற இருந்துச்சு. 12 மீட்டர் நீளம், 8 அகலம், நாலரை உயரம்னு என் கண்ணளவு. சிமென்ட் தரை, பூச்சு செவுரு, மேல கான்க்ரீட்டு. ஹார்வர்டுல வாலஸ் சாபின்னு ஒரு பேராசிரியர் கண்டுபிடிச்ச கணக்கு இருக்கு, கன அளவ 0.161ஆல பெருக்கி, அந்த ரூம் எவ்ளோ சத்தத்த உறிஞ்சுதோ அதால வகுக்கணும். போட்டுப் பாத்தா காலி ஹால்ல ஒரு கைத்தட்டு அடங்க சுமார் 6 செகண்டு ஆகும். நாப்பது பேரு உள்ள வந்து பரவி நின்னா, உடம்பும் துணியும் உறிஞ்சுறதால ரெண்டரை செகண்டுக்குக் கீழ வந்துரும். அன்னைக்கு நாப்பது பேரும் வாசல்ல அடஞ்சு நின்னாங்க, ஹால் பாதி காலி. அதனாலதான் அந்த வேகமான சின்னச் சின்ன சத்தமெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி சேறாயிடுச்சு. கூட்டம் பரவியிருந்தா பட்டறை அண்ணனுக்கு பிடிமானம் கெடைச்சிருக்கும்.

சாபின் கதையே ஒரு மியூசியத்துலதான் தொடங்குது, எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 1895ல ஹார்வர்டோட ஃபாக் கலை மியூசியத்துல புது லெக்சர் ஹால் கட்டுனாங்க, உள்ள பேசுனா ஒரு வார்த்த புரியல, சத்தம் அஞ்சரை செகண்டு நிக்குது. சரி பண்ணச் சொல்லி இவர்கிட்ட விட்டாங்க. ராத்திரியில பக்கத்துத் தியேட்டர்லருந்து சீட்டு மெத்தைங்கள ஆள வெச்சு தூக்கிட்டு வந்து, கொஞ்சம் கொஞ்சமா ஹால்ல அடுக்கி, ஆர்கன் குழாய ஊதி, ஸ்டாப்வாட்ச் வெச்சு அளப்பாரு, விடியறதுக்குள்ள மெத்தைய திருப்பிக் கொண்டுபோய் வெச்சிருவாரு. ஹால்ல சத்தம் எவ்ளோ நேரம் நிக்கும்னு கணக்கு போட உலகம் கத்துக்கிட்டது அந்த மெத்தைங்களாலதான்.

ஜங்ஷன்வாசி

ஒலிக்கணக்கு சார் அருமை. இன்னொண்ணு, போன் எடுக்காதீங்கன்னு கண்டிப்பா சொன்னாங்கன்னு நண்பன் சொன்னான். அது எதுக்கு? வீடியோ வந்தா நாலு பேருக்குத் தெரியுமே.

கரித்துண்டு

அதுல ஒரு நிலைப்பாடு இருக்குங்க. டினோ சேகல்னு ஒரு கலைஞர், அவரு படைப்பெல்லாம் ஆளுங்க பாடுறது, பேசுறது, நகர்றது மட்டுந்தான். போட்டோ கூடாது, வீடியோ கூடாது, விக்கும்போது கூட காயிதத்துல ஒப்பந்தம் கிடையாது, நோட்டரி முன்னாடி வாயால சொல்லித்தான் விக்கிறாரு. 2012ல ஜெர்மனி காசல் நகரத்துல டாக்குமெண்டா கண்காட்சியில ஒரு இருட்டு ரூம், உள்ள போனா மொதல்ல ஒண்ணும் தெரியாது, சுத்திலும் பாடுறாங்க, கண்ணு பழகப் பழகத்தான் ஆளுங்க உருவம் தெரியும். அத போன் வெளிச்சத்துல பாத்தா என்ன மிச்சம் இருக்கும்? அடுத்த வருஷம் வெனிஸ் பியனாலேயில (ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ நடக்குற கலைக் கண்காட்சி) அவருக்கு தங்கச் சிங்கம் விருது.

ஏற்காட்டுல அதே காரணமான்னு தெரியல, ஆனா நானும் வேண்டாம்னுதான் சொல்வேன். ரூம் பாடுனத எந்த போனும் பிடிக்காது.

பின்பாட்டு

தாமதமா வரேன். எங்க அப்பா கூத்துல பின்பாட்டுக்காரர், மேச்சேரி பக்கம். நான் கூட போய் தாளம் போட்டு வளந்தவன், இப்ப லேத்துல வேல.

மேல படிச்சதெல்லாம் சந்தோஷமா இருந்துச்சு, ஆனா ஒரு பேச்ச நான் முன்கூட்டியே தடுத்துடறேன், "இதெல்லாம் நம்மகிட்ட முன்னாடியே இருக்கு"ன்னு யாராவது கெளம்பி வருவாங்க. அப்படிச் சொல்லிட்டு கதவச் சாத்திட்டா ரெண்டு பேருக்கும் நஷ்டம். கூத்து வேற, இது வேற. ஆனா குரல் வேலைன்னு பாத்தா ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கத்துக்க நிறைய இருக்கு.

கூத்துல வேஷக்காரர் திரைக்குப் பின்னாடியே பாட ஆரம்பிப்பாரு, ரெண்டு பேரு துணியப் பிடிச்சு நிப்பாங்க, ஆளு தெரியறதுக்கு முன்னாடி குரல் வந்து உக்காந்துரும் கூட்டத்துல. அந்தத் துணி உயரமும் பிடிக்கிற தூரமும் மாறுனா குரல் மாறும், அப்பா திட்டுவாரு, "முன்னால தள்ளிப் பிடிங்கடா, வாயில வந்து ஒட்டுது"ம்பாரு. வேஷக்காரர் ஒரு அடி பாடுனா பின்பாட்டு அத வாங்கிப் பாடணும், அந்த நேரத்துல அவரு மூச்சு வாங்கி ஆட்டத்துக்குத் தயாராகிடுவாரு. பின்பாட்டு தூக்கிப் பிடிக்கலன்னா வேஷக்காரர் நடுச்சாமத்துலயே உக்காந்துடுவாரு. முதல் ரெண்டு அடி கேட்டதுமே இன்னைக்கு விடியற வரைக்கும் தாங்குவாரா மாட்டாரான்னு அப்பா சொல்லிடுவாரு.

அர்ச்சுனன் தபசு பாத்திருக்கீங்களா? தபசு மரத்துல ஏறிக்கிட்டே ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. கீழ தரையில பாடுற அதே தொண்ட, மேல போகப் போக குரல் காத்துல பிரிஞ்சு போகும், அதனால மேல ஏறுறவரு சொல்ல நீட்டி, ஒடைச்சு ஒடைச்சு விடுவாரு. கீழ உக்காந்திருக்குற சனம் மேல அண்ணாந்து பாக்கும். அந்தம்மா மூலைக்கு மூலை சொடுக்கு போட்டுப் பாத்தாங்கன்னு படிச்சப்ப எனக்கு இதுதான் நெனப்பு வந்துச்சு. இடத்த தெரிஞ்சுக்கிட்டு குரல மாத்துறது.

என் வருத்தம் வேற இடத்துல. ஒரு நிறுவன விழாவுக்கு அப்பா குழுவ கூப்புட்டாங்க, விடிய விடிய ஆடுற கூத்த பதினஞ்சு நிமிஷத்துல முடிக்கச் சொன்னாங்க, விருந்தாளிங்க சாப்புட்டுக்கிட்டே பாத்தாங்க. பேசுன காசுல பாதிதான் கைக்கு வந்துச்சு. ஒரு தனிக்குரல கேக்க கேலரியில நாப்பது பேரு வாய மூடிக்கிட்டு நிக்கிறாங்கன்னா, அந்த மரியாதை எங்க ஆளுங்களுக்கும் கெடைக்கணும். அழகுக்குக் கூப்புடாதீங்க. படைப்பாளின்னு கூப்புடுங்க, எவ்ளோ நேரம் வேணும்னு அவங்கள கேளுங்க.

அம்மாபேட்டைக்காரி

பின்பாட்டு அண்ணா, உங்க பதிவ ரெண்டு தடவ படிச்சேன். இழை ஆரம்பிச்சப்ப சேலத்துல நடக்கணும்னு மட்டும்தான் எழுதுனேன், இப்ப யார வெச்சு நடக்கணும்னும் தோணுது. அந்த ஏற்காட்டுப் பாடகிய மறுபடி கூப்புட்டு, உங்க அப்பாவையும் கூப்புட்டு, ஒரே ஹால்ல, ஒரே நாள், ஒரே சம்பளம். முதல்ல ஒருத்தர், அப்புறம் ஒருத்தர். சேந்து பாடச் சொல்லி கட்டாயப்படுத்த வேண்டாம், அவங்களுக்கா தோணுனா பாத்துக்கலாம்.

ஒப்பாரி பாடுறவங்களையும் கூப்புடலாமா?

எடப்பாடி_தறி

அக்கா, ஒப்பாரி மட்டும் வேண்டாம், அத கொஞ்சம் விளக்கி சொல்லணும்.

எங்க பெரியம்மா எங்க ஊரு பக்கம் எந்த எழவு வீட்டுக்குப் போனாலும் அவங்கதான் எடுத்துக் கொடுப்பாங்க. கழுத்தக் கட்டிக்கிட்டு வட்டமா உக்காந்து, அடி முடியற இடத்துல மூச்ச உள்ள இழுத்து ஒரு விசும்பல் வரும் பாருங்க, அது அழுகையும்தான், அடுத்த அடிக்கு சுருதி எடுக்குறதும் அதுதான். டீச்சரம்மா சொன்ன உள்மூச்சுக் குரல நான் சின்ன வயசுலருந்து கேட்டிருக்கேன். ஆனா சாவு இல்லாத இடத்துல பாட மாட்டாங்க. ஒரு காலேஜ் பொண்ணு ரெக்கார்டு பண்ண வந்துச்சு, வீட்டுக்குள்ள பாட மாட்டேன்னுட்டாங்க, பாடுனா வீட்டுக்கு ஆகாதுன்னு நம்பிக்க. கடைசியில அந்தப் பொண்ணு மனசு கோணாம இருக்க, காட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போய் ரெண்டு அடி மட்டும் சொன்னாங்க, பாடல, சொன்னாங்க. கேலரி செவுத்துக்கு நடுவுல அவங்கள நிறுத்துறது எனக்கு ஒப்பல.

கரித்துண்டு

இது முக்கியமான விஷயம். சூசன் ஃபிலிப்ஸ்னு ஸ்காட்லாந்துக் கலைஞர், 2010ல பிரிட்டன்ல கலைக்குக் கொடுக்குற டர்னர் பரிசு வாங்குனாங்க, ஒலிப் படைப்புக்கு அந்தப் பரிசு கெடைச்சது அதுதான் முதல் தடவ. தண்ணியில மூழ்கிச் செத்த ஒருத்தன் காதலிகிட்ட ஆவியா திரும்பி வர்ற பழைய நாட்டுப்பாட்ட அவங்களே பாடிப் பதிவு பண்ணி கிளாஸ்கோவுல ஆத்துப் பாலத்துக்கு அடியில ஸ்பீக்கர்ல விட்டாங்க. பயிற்சி இல்லாத சாதாரணக் குரல். அவங்க பாடுனது அவங்க ஊருப் பாட்டு, அவங்க குரல், முடிவு பண்ணதும் அவங்க. பெரியம்மா விஷயத்துல முடிவு அவங்களோடது, அவங்க வேண்டாம்னுட்டாங்க, அதோட விட்டுடணும்.

குரல்நாண்

ஸ்பீச் தெரபி பாக்குறேன். ரெண்டு நிகழ்ச்சி வெக்கிறதா பேச்சு வந்ததால சிலது.

அந்தக் கரகரப்பான கீழ்க்குரல், ரஷ்யாவுல இருக்குற துவா பகுதித் தொண்டைப்பாட்டுலயும் வரும், அதுக்கு உண்மையான குரல்நாணுக்கு மேல இருக்குற மடிப்பும் சேந்து அதிரணும், அதுவும் பாதி வேகத்துல, அதனாலதான் ஒரு ஸ்தாயி கீழ கேக்குது. முறையா பழகுனவங்களுக்கு சேதம் இல்ல. ஆனா மலைக்குளிர்ல, ஒரு வார்ம்அப் இல்லாம கடைசியில அத எடுத்தா நடுங்கத்தான் செய்யும், சுருதிப்பெட்டி அக்கா காதுக்கு பட்டது சரியா இருக்கலாம். உள்மூச்சுக் குரல் ரொம்ப நேரம் போனா நாண் காஞ்சுடும். கூத்துக் கலைஞர்கள் நிறைய பேர் சித்தரத்த, மிளகு, பனங்கற்கண்டு வாயில ஒதுக்கிக்கிட்டு பாடுறத பாத்திருக்கேன், எச்சில் ஊறும், தொண்டைக்கு இதமா இருக்கும், நல்லதுதான். ஆனா நாம முழுங்குற எதுவும் குரல்நாண் மேல படாது, பட்டா புரையேறிடும். நாணுக்கு ஈரம் ரெண்டு வழியிலதான் போகும், நாள் முழுக்க குடிக்கிற தண்ணி, இல்லன்னா ஆவி. நிகழ்ச்சி வெக்கிறவங்க பாடுறவங்களுக்குன்னு ஒரு ரூம், வெந்நீர், பாடுறதுக்கு முன்னாடி அரைமணி நேரம் யாரும் வந்து பேசாம இருக்குற ஏற்பாடு, இது மூணும் கண்டிப்பா பண்ணணும். பூங்கொத்தும் பொன்னாடையும் அப்புறம் பாத்துக்கலாம்.

செவ்வாப்பேட்டை_பட்டறை

நான் வரேன். என் நிபந்தனை ரெண்டு. நோட்டீஸ்லயே எவ்ளோ நேரம், வார்த்த இருக்கா இல்லையா, நடந்து கேக்கலாமான்னு போடுங்க. ரெண்டாவது, டீச்சரம்மா முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் எத கவனிக்கணும்னு சொல்லணும். எனக்கு இன்னும் அது பிடிச்சிருக்குன்னு சொல்ல மாட்டேன். கேட்டுட்டு சொல்றேன்.

ஹால் விஷயத்துல நம்மூர் கல்யாண மண்டபம் எதுவும் ஆகாது, வெளிய ஹாரன் சத்தம். பழைய தறிக்கூடம் காலியா கெடக்குதுங்க நிறைய, அம்மாபேட்டையிலயே.

ஒலிக்கணக்கு

தறிக்கூடம் நல்ல யோசன. கொச்சி பியனாலேவே 2012ல மிளகும் இஞ்சியும் வியாபாரம் பண்ண பழைய ஆஸ்பின்வால் கட்டடத்துல தானே ஆரம்பிச்சுது. ஓட்டுக் கூரையா இருந்தா இன்னும் நல்லது, கான்க்ரீட் அளவுக்கு திருப்பி அடிக்காது.

எதிரொலி ஜாஸ்தி இருந்தா பவானி ஜமக்காளம் கனமானதா எடுத்து ரெண்டு செவுத்துல தொங்க விடுங்க, செவுத்துல ஒட்டாம ஒரு சாண் இடைவெளி விட்டு. அந்த இடைவெளிதான் பாதி வேலைய செய்யும், ஒட்டிக் கட்டுனா வீண். எதிரெதிர் செவுரு ரெண்டுலயும் வேண்டாம், பக்கத்துப் பக்கத்துச் செவுரு ரெண்டுல கட்டுனா போதும், இன்னும் ரெண்டு வெறுமையா இருக்கட்டும். ஏன்னா அந்தம்மாவுக்கு செவுரு வேணும், முழுசா அடைச்சுட்டா அவங்க பாடுறதுக்கு பதில் சொல்ல ஆள் இருக்காது. ஒரு நாள் முன்னாடி நான் வந்து கைதட்டிப் பாத்து சொல்றேன், காசு வேண்டாம்.

எடப்பாடி_தறி

ஜமக்காளம் எத்தன வேணும்னு சொல்லுங்க, எங்க வீட்ல கல்யாணத்துக்கு எடுத்தது இருக்கு. தறி ஓடாத நாளா பாத்து வைங்க, இல்லன்னா பக்கத்துக் கூடத்துச் சத்தம் வரும்.

பின்பாட்டு

அப்பாகிட்ட பேசிட்டேன். முழுசா கேட்டாரு. மைக் இல்லன்னதும் மூஞ்சி மலந்துருச்சு, "மைக்கு வர்றதுக்கு முன்னாடி அப்படித்தான பாடுனோம்"ன்னாரு. ஆனா மைக் இல்லாம பாடணும்னா பின்பாட்டுக்கு அவரோட இன்னொருத்தரும் வேணுமாம், ஒரு ஆளு மட்டும் வாங்கிப் பாடுனா அந்த நீள ஹால்ல வேஷக்காரர் குரலுக்கு ஈடு கொடுக்க முடியாதாம். ஆர்மோனியம், மத்தளம், முகவீணை சேத்து மொத்தம் ஆறு பேரு வருவாங்க. ஆறு பேருக்கும் தனித்தனியா சம்பளம் பேசணும், குழுவுக்குன்னு மொத்தமா பேசக்கூடாதுன்னு சொல்லச் சொன்னாரு. பதினஞ்சு நிமிஷம்லாம் வர மாட்டாராம், ஒன்றரை மணி நேரமாவது வேணும். சித்திரை, ஆடி ரெண்டும் ஊர்க்கூத்து இருக்கும், அது போக மத்த மாசத்துல தேதி வைங்க.